எர்த் கம்பியில் காய்ந்த வேட்டிகள்

அறுபது துளிகளில் நாற்பத்தொரு துளிகள் ஒரே மூச்சில் வெளுத்துப்போயின.

குழல்வாய்மொழி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மூன்று மாதமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. உள்ளங்கை அகல அலுமினியத் தகடு. அதில் வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை நீர்த்துளிகள், ஒவ்வொன்றும் பாசிப்பயறு அளவு. கீழேயிருந்து இயந்திரம் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்விக்கும். எந்தத் துளி எத்தனை டிகிரியில் உறைகிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கும் துளி, உறையும் நொடியில் செத்த மீனின் கண் போல வெளுக்கும்.

தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அரைப் பொய். சுத்தமான சின்னத் துளி அவ்வளவு லேசில் உறையாது. மைனஸ் பத்து, மைனஸ் இருபது என்று இறங்கினாலும் தண்ணீராகவே அடம்பிடித்துக்கொண்டு நிற்கும். அது பனிக்கட்டியாக மாற உள்ளே ஒரு விதை கிடக்க வேண்டும். மண் தூசி விதையாகும். கடலும் விதை போடும். அலை உடையும்போது நுரைக் குமிழ்கள் வெடித்து, செத்த பாசியின் துணுக்கும் அதன் பிசினும் காற்றில் தெறிக்கின்றன. தூத்துக்குடிக் கடலில் தெறித்தது காற்றோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, குற்றாலத்து மலையில் முட்டி, மேலே ஏறி மேகத்துக்குள் போகிறது. அப்படிப் போகிறதா, போனால் எத்தனை டிகிரியில் பனியாக்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஐந்தருவி சாலையில் இந்த லாட்ஜின் மொட்டை மாடியில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையில் காற்றை உறிஞ்சும் பெட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் தூசியைப் பிடிக்க வடிதாளில் ஒரு வெள்ளை வில்லை. அதைத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மாற்றி, பழைய வில்லையைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தகட்டில் சொட்டுவாள்.

வழக்கமாக மைனஸ் பதினைந்தைத் தொட்டால்தான் முதல் துளி வெளுக்கும். இன்று மைனஸ் எட்டிலேயே நாற்பத்தொன்று.

அது நேற்றைய காற்று. நேற்றிலிருந்து கிழக்குக் காற்று நிற்கவில்லை. அந்தக் காற்று இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். மலைக்கு மேல் ஒரு மேகம் காலிபிளவர் மாதிரி வெளுப்பாகக் கிளம்பி, அண்ணாந்து பார்த்தாலும் முடியாத உயரத்துக்குப் போயிருந்தது. அடிப்பாகம் மட்டும் அடுப்புக்கரி. மணி இரண்டு பத்து.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அவளுக்கு இடி என்றால் பயம். சின்னப் பிள்ளைகள் பயப்படுகிற பயம் இல்லை. ஆறு வயதில் வீரகேரளம்புதூர் வயல் வரப்பில் உட்கார்ந்து, அம்மா ரத்தினம் மற்றவர்களோடு நாற்று நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கூட இல்லை, ஒரே ஒரு இடி. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற மாடத்தி சித்தி, குனிந்தவள் அப்படியே நிமிராமல் சேற்றில் முகம் குத்தி விழுந்தாள். அம்மாவுக்கு இடது காது போயிற்று. "விழுததுக்கு முன்னால கையில மயிரெல்லாம் குத்திக்கிட்டு நின்னுச்சு, ஈ மொய்க்க மாதிரி ஒரு சத்தம்" என்று அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயதிலும், எம்.எஸ்ஸி. முடித்த பிறகும், இடி கேட்டால் குழலி உள்ளறைக்குப் போய்ச் சுவரை விட்டுத் தள்ளி, காலைக் குறுக்கி உட்கார்ந்துகொள்வாள்.

வேலைக்கு எடுத்தபோது யாரும் இடியைப் பற்றிச் சொல்லவில்லை. கடல் தூசி, வில்லை, துளி என்றுதான் சொன்னார்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்து, பேராசிரியர் நிர்மலாதேவி பேச்சுவாக்கில் சொன்னார்: மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசித்தான் மின்சாரம் உண்டாகிறது, பனி இல்லாவிட்டால் மின்னல் இல்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. தினமும் சிமிட்டாவால் பத்திரமாகப் பிடித்து டப்பாவில் போடுகிற சாமான், மாடத்தி சித்தியைச் சாய்த்ததன் விதை. விட்டுவிட்டு ஓடலாம்தான். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. ஓடிப்போய் எங்கே நிற்பது?

செல்போன் அடித்தது. நிர்மலாதேவிதான், சென்னையிலிருந்து.

"குழலி, ரேடார் பாத்தியா? உனக்கு நேர் மேலதான் இருக்கு. கடல்ல ஒரு வாரமா பாசி பச்சையாப் பூத்திருக்கு, சாட்டிலைட்ல தெரியுது. இந்த மேகத்துக்குள்ள போற காத்து நமக்கு வேணும். மழை விழறதுக்கு முன்னாடி வில்லையை எடுத்து மூடி வெச்சிடு. நனைஞ்சா போச்சு."

"மேடம், இடி வருது."

"வந்துடுச்சா?"

"இன்னும் வரலை. வரும்."

"அப்போ இப்பவே போயிடு. ரெண்டு நிமிஷ வேலை. கம்பத்துக்கு எர்த் போட்டிருக்கோம், பயப்படாதே. ஆனா முதல் சத்தம் கேட்டா இறங்கிடு, சரியா?"

முதல் சத்தம் கேட்டால் இறங்கிவிடு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு நல்ல வாக்கியம். குழலி டப்பாவையும் சிமிட்டாவையும் எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டினாள். பூட்டுவதற்குள் சாவி இரண்டு முறை விழுந்தது.

கீழ்த்தளம் முழுக்க ஐயப்ப சாமிமார். கார்த்திகை பிறந்தாலே குற்றாலத்து லாட்ஜெல்லாம் கறுப்பும் நீலமும் காவியுமாகிவிடும். இவர்கள் கோவில்பட்டிப் பக்கம், ஒரே பஸ்ஸில் இருபத்தேழு பேர். காலையில் அருவியில் குளித்து, பூஜை போட்டு, கஞ்சி குடித்துவிட்டு ஹாலில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு அச்சன்கோவில் புறப்பாடு. மேனேஜர் பிரின்ஸ் வரவேற்பு மேஜையில் கணக்கு நோட்டை மூடிவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். கழுத்தில் சிலுவை போட்டவன்தான். ஆனால் சீசன் முடியும் வரை சமையல்கட்டில் முட்டை ஓட்டைக்கூட நுழையவிட மாட்டான்.

அவளைக் கண்டதும் பிரின்ஸ் விருட்டென்று நிமிர்ந்தான். "மேடம், எங்கன போறிய?"

"மாடிக்கு."

"இப்பவா? காலைலதான போவிய?"

"ஏன், நேரம் பாத்துத்தான் போகணுமா?"

"அதுக்கில்ல... வெயிலு. நா வேணா எடுத்துட்டு வாரேன்."

"நீங்க தொட்டா மூணு மாசப் பாடு போச்சு, பிரின்ஸ் அண்ணே. உக்காருங்க."

அவன் முகம் போன போக்கை அவள் கவனித்தாள். ஆனால் நின்று கேட்கவில்லை. பயந்தவளுக்கு வேகம்தான் ஒரே துணை. மூன்று மாடிப் படிகள். இரண்டாவது மாடிக்கு மேல் ஒருவர் ஏற மற்றவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகல். உச்சியில் ஒரு தகரக் கதவு. நாதாங்கி போடாமல் திறந்துதான் கிடந்தது. அதைத் தள்ளினாள்.

முதலில் நிறம்தான் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளாகிக் கெட்டுப்போயிருந்தது. அந்த வெளிச்சத்தில் மாடி முழுக்கக் கறுப்பு வேட்டிகள், நீல வேட்டிகள், காவித் துண்டுகள், கோவணங்கள். கம்பத்தின் இடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி வரை நீளமாக ஒரு கொடி. காற்றில் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொண்டன.

அது கொடிக்கயிறு இல்லை.

கம்பத்திலிருந்து கைப்பிடிச்சுவர் வழியாக இறங்கி, பின்பக்கம் மண்ணில் புதைத்த குழிக்குப் போக வேண்டிய செம்புக் கம்பி. சுவரில் அதைக் கவ்வியிருந்த கொக்கி வாயைப் பிளந்து வெறுமனே நின்றது. யாரோ கம்பியைக் கழற்றி, இழுத்து, ஏணியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கம்பத்தில் இடி விழுந்தால் மண்ணுக்குப் போக வழியில்லை. கம்பி வழியாக, ஈர வேட்டிகள் வழியாக, தொட்டிக்கும் குழாய்க்கும்தான் போகும். கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பவன் வழியாகவும் போகும்.

யார் வேலை என்று அவளுக்கு உடனே புரிந்தது. போன மாதம் பெட்டிக்குப் பக்கத்தில் துணி காயப்போட்டதற்காக, ஹாலில் அத்தனை விருந்தாளிகள் முன்னால் பிரின்ஸைக் கிழித்திருந்தாள். சோப்பும் எண்ணெயும் பறந்து வில்லையில் படும், கடலா சீயக்காயா என்று தெரியாமல் போகும், அறிவிருக்கா உங்களுக்கு என்று கேட்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். அதன் பிறகு காலை ஒன்பது மணிக்கு மாடி சுத்தமாக இருந்தது. கம்பி கொக்கியில் இருந்தது. அவள் இறங்கிய பிறகு கம்பி கொடியானது. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவனுக்குத் துணி காய்வது சாதாரண விஷயமா? நாளைக்கு நான்கு முறை குளிக்கிற ஊர் இது.

மின்னியது.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினைந்தில் சத்தம் வந்தது. ஐந்து கிலோமீட்டர். கம்பம் பத்தடி தூரத்தில் நின்றது. அதன் தலையில் பெட்டி சொய்யென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பத்தடி நடந்து, திருகைக் கழற்றி, வில்லையை எடுத்து மூட இரண்டு நிமிஷம்.

ஒரு அடி கூட நடக்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கீழே சத்தம் கேட்டது. இடிச் சத்தத்தில் ஹால் முழுக்க விழித்துவிட்டது. "சாமி! துணி! துணி நனையப்போவுது!" என்று ஒரு குரல். அதன் பின்னால் பத்துக் குரல். வெறுங்கால்கள் தடதடவென்று படியேறின. ஆளுக்கு இரண்டே ஜோடி வேட்டி. ஒன்று இடுப்பில், ஒன்று கம்பியில். ஐந்து மணிக்குப் பஸ்.

குழலி திரும்பி, கதவு வாசலில் இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் வந்தவர் குருசாமி முத்துராமலிங்கம். நரைத்த தாடி, பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர்.

"தள்ளிக்க தாயி. துணிய எடுக்கணும்."

"மேல போகாதிய. இடி இறங்கப்போவுது."

"அதான் எடுக்கப்போறோம்."

"அது கொடியில்ல சாமி, எர்த் கம்பி. கழட்டிக் கட்டிட்டாவ. தொட்டியன்னா செத்தியன்னு அர்த்தம்."

"தொடவே மாட்டோம் தாயி. வேட்டியத்தான உருவுதோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"ஈர வேட்டியும் கம்பியும் ஒண்ணுதான்!"

"ஏ, படிச்ச பிள்ள பயப்படுது வே." இன்னொரு குரல். "ஐயப்பன் இருக்கான் தாயி, நீ கீழ போயி உக்காரு."

மறுபடி மின்னியது. பத்து எண்ணுவதற்குள் இடித்தது. படிக்கட்டு அதிர்ந்தது. அதைக் கேட்டு அவர்கள் பயப்படவில்லை, அவசரப்பட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ள, குருசாமி அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றார். ஒரு தடித்த சாமி பக்கவாட்டில் ஒருச்சாய்ந்து, அவள் கையின் அடியில் நுழையப் பார்த்தார்.

அவள் வாயில் அறிவியல் எதுவும் மிச்சமில்லை. பனித்துகள், உரசல், மின்னூட்டம் எதுவும் வரவில்லை. தொண்டையிலிருந்து வந்தது இதுதான்:

"யாரும் என்னைத் தொட்டுராதிய! நா வீட்டுக்குத் தூரம்!"

தடித்த சாமி சூடு பட்டது போலப் பின்வாங்கினார். குருசாமி ஒரு படி இறங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர், அவருக்குப் பின்னால் நின்றவர் என்று படிக்கட்டு முழுக்க ஒரு அலை கீழே போனது. பொய்யும் இல்லை, மூன்றாம் நாள். இத்தனை நேரம் அவள் சொன்னதற்கு அந்தப் படிக்கட்டில் மதிப்பில்லை. அவள் ரத்தத்துக்கு இருந்தது. பயத்தின் நடுவிலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசப்படியில வந்து நின்னுக்கிட்டு... சொல்லணுமில்லா தாயி," என்றார் குருசாமி, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"இப்ப சொல்லிட்டேன்லா? கீழ போங்க."

கீழிருந்து பிரின்ஸின் குரல். "மேடம், என்ன பேச்சு பேசுதிய? சாமிமாரு முன்னால..."

"பிரின்ஸ் அண்ணே, எர்த் கம்பிய யாரு அவுத்தது?"

பிரின்ஸின் பதில் அழுகிற மாதிரி வந்தது. "காலைல மாட்டிருவேன் மேடம். நீங்க வாரதுக்குள்ள தினம் மாட்டிருவேன்... ஏசுவே, அதுல இடி இறங்கும்னு எனக்குத் தெரியாது மேடம்."

அவளுக்கு அவனைத் திட்டக்கூட நேரமில்லை. நகர்ந்தால் அவர்கள் மேலே வருவார்கள். நகராவிட்டால் கம்பத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறவள் அவள்தான். முதுகுக்குப் பின்னால் வானம் திறந்து கிடந்தது. முதுகு முழுக்கக் கண்ணாகிப்போனது. ஏழு எண்ணினாள், இடித்தது. தகரக் கதவு கிணுகிணுத்தது.

பொட்டென்று ஏதோ அவள் குதிகாலில் விழுந்து தெறித்தது. குனிந்து பார்த்தாள். புளியங்கொட்டை அளவு ஆலங்கட்டி. தகட்டில் வெளுத்த துளியின் அதே செத்த வெளுப்பு. அதோடு டமடமவென்று மாடி முழுக்க விழ ஆரம்பித்தது.

"எல்லாரும் இறங்குங்க," என்றார் குருசாமி. இப்போதுதான் அவர் குரலில் ஏதோ மாறியிருந்தது. "எண்ணிக்கிடுங்க சாமி. எத்தனை பேரு?"

"இருவத்தாறு."

"செல்லச்சாமி எங்க வே?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் கன்னிச்சாமி, முதல் வருஷம், ஐம்பது வயது, கோழித் தீவன வியாபாரம். "பெறத்தால காத்து வாங்கப் போறேன்னாரு" என்று ஒருவர் சொன்னார்.

குழலி மெதுவாகத் திரும்பினாள். தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் வெளியே வந்தார். கையிலிருந்த பீடியைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு, திருட்டு முழி முழித்தார். விரதத்தில் பீடி, ஒளிந்து குடிக்க மொட்டை மாடி. இவ்வளவு நேரம் இடிக்குப் பயந்ததைவிடக் குருசாமிக்குப் பயந்து பதுங்கியிருக்கிறார்.

"துணி எடுக்கத்தான் வந்தேன் குருசாமி!" என்று கத்தினார். "எல்லாத்தையும் நானே எடுத்திருதேன்!"

சொல்லிக்கொண்டே கம்பியை இடது கையால் பிடித்து வளைத்து, வலது கையால் வேட்டிகளை உருவ ஆரம்பித்தார்.

"விடுங்க! கம்பிய விடுங்க!" குழலியின் குரல் கிழிந்தது. "இங்க ஓடியாங்க!"

அந்தக் குரலுக்கே அவர் கம்பியை விட்டார். பத்துப் பன்னிரண்டு ஈர வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆலங்கட்டி அடியில் தலையைக் குனிந்து ஓடிவந்தார். இன்னும் ஐந்தடி. உள்ளே வந்துவிடுவார்.

"செல்லச்சாமி, நில்லும்!" கீழிருந்து தடித்த சாமி அலறினார். "அந்தப் பிள்ளை தூரம்! மேல பட்டுராதிரும்!"

செல்லச்சாமி நின்றார்.

வானத்தின் கீழே, கம்பத்துக்கும் கதவுக்கும் நடுவில், கை நிறைய ஈரத்தோடு நின்றேவிட்டார். "அய்யய்யோ," என்றார். "அப்ப நா எப்பிடி வர?"

அவள் கட்டிய சுவர். அவளைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்றுதான் கட்டினாள். யாரும் வரவும் முடியாது என்று நினைக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது, வாங்க!"

"மாலை போட்டிருக்கேன் தாயி. நீ கொஞ்சம் கீழ இறங்கு. நா பொறவு வாரேன்."

"எங்க இறங்க? படி பூரா ஆளு நிக்கி!"

"ஏ, எல்லாரும் இறங்குங்க வே, பிள்ள இறங்கட்டும்!" குருசாமி கீழே பார்த்துக் கத்தினார். நடுவில் நின்றவர்கள் திரும்பினார்கள். கடைசியில் நின்றவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். குறுகல் படியில் இருபத்தாறு பேர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பீடி குடித்தால் போகாத விரதம், இவள் சுண்டுவிரல் பட்டால் போய்விடுமாம்.

அப்போது காற்று நின்றது. ஆலங்கட்டியும் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. கம்பத்தின் உச்சியிலிருந்து. வெல்லத்தில் ஈ மொய்க்கிற மாதிரி.

குழலி தன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

பிறகு என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நினைக்கவில்லை. நிலையை விட்ட கை, வெளியே வைத்த கால், ஒன்று, இரண்டு, மூன்று. செல்லச்சாமி பின்னால் ஒரு எட்டு வைத்தார். அவளிடமிருந்து தப்பிக்க, கம்பத்தை நோக்கி. அவள் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "ஐயோ என் விரதம்!" என்று அவர் கத்தியது அவள் காதில் விழுந்தது. மாட்டைத் தொழுவத்துக்கு இழுப்பது போல இழுத்தாள். வேட்டிகள் விழுந்து காலைச் சுற்றின. இருவரும் வாசற்படி தடுக்கி, குருசாமியின் மேல் விழுந்து, அவர் தடித்த சாமியின் மேல் விழுந்து, படிக்கட்டு முழுக்கச் சரிந்தது.

சத்தம் கேட்கவில்லை. வெள்ளைதான் வந்தது. மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளை. நெஞ்சில் யாரோ உலக்கையால் குத்தினார்கள். அதற்குப் பிறகு காதுக்குள் ஒரே விசில்.

கண்ணைத் திறந்தபோது தகரக் கதவு ஒரு கீலில் தொங்கியது. அதன் இடைவெளியில் கம்பி இல்லை. கம்பி இருந்த இடத்தில் ஏணி வரைக்கும் நேர்கோடாக ஒரு கருகல் தடம், அதன் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக உருகிய செம்பு. கடைசியாகத் தொங்கிய வேட்டி ஒன்று புகைந்தது. கம்பத்தின் தலையில் பெட்டி வாயைப் பிளந்து கரியாக நின்றது. செல்லச்சாமி நின்ற இடத்தில் தளக்கல் பெயர்ந்திருந்தது. தொட்டிக் குழாய் வெடித்துத் தண்ணீர் படிவழியாகச் சளசளவென்று இறங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் மழை ஊற்றியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. இடி அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்தது, பக்கத்திலேயே. ஒவ்வொன்றுக்கும் இருபத்தேழு பேரும் அவளும் ஒரு உடம்பாகக் குலுங்கினார்கள். செல்லச்சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முதலில் அவள்தான் பிடித்தாள். எப்போது அவர் பிடித்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. நகம் பதிந்து வலித்தது. தடித்த சாமியின் தலை அவள் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் சரணம் சொல்லப் பார்த்தார். பல் தந்தியடித்ததில் 'ச' மட்டும் வந்தது.

கொஞ்சம் ஓய்ந்தபோது குருசாமி கேட்டார். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

"தாயி. நீ சொன்னது... சும்மாத்தான சொன்ன? எங்களத் தடுக்கத்தான சொன்ன?"

படிக்கட்டு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. சும்மா என்று ஒரு வார்த்தை. அதைத்தான் அத்தனை பேரும் கேட்டார்கள். சொன்னால் எல்லோருக்கும் நல்லது. அவளுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. உயிரைக் காப்பாற்றியது பத்தாதா, பொய்யும் சொல்ல வேண்டுமா?

"நெசந்தான்," என்றாள்.

குருசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொன்று விழுந்தது, பக்கத்துத் தென்னந்தோப்பில். அவர் தலையைக் குனிந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒருவர்கூட விலகவில்லை. இன்னும் நெருங்கித்தான் வந்தார்கள்.

முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

மழை விட்டதும் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் குளிக்கப் போனார்கள். அருவிக்குப் போலீஸ் தடை போட்டிருக்கும், தொட்டியோ காலி. பிரின்ஸ் தரைத்தொட்டியிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்ற, பின்கட்டில் வரிசையாக நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். "சாமியே" என்ற சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. குழலி ஈரப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். செல்போன் அடித்தது.

"குழலி? அங்க பெரிய அடி விழுந்திருக்கு, மேப்ல தெரியுது. இறங்கிட்டியா? வில்லை?"

"எடுக்கலை மேடம். பயமா இருந்துச்சு. பெட்டியும் போச்சு."

"நீ?"

"இருக்கேன்," என்று வைத்துவிட்டாள். அதற்கு மேல் பேசினால் அழுகை வரும். ஒரு ஆளுக்கு முன்னால் அழ அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு படி கீழே செல்லச்சாமி உட்கார்ந்திருந்தார். துளசி மாலை நெஞ்சில் நனைந்து ஒட்டியிருந்தது.

தலை சொட்டச் சொட்ட குருசாமி படியடிக்கு வந்து நின்றார். அவளைப் பார்த்தார், பார்வையைத் திருப்பவில்லை. பிறகு செல்லச்சாமியைப் பார்த்து அதட்டினார்.

"ஓய் செல்லச்சாமி, எழும்பி வாரும். பீடிக்கு ஒரு வாளி, தொட்டதுக்கு ஒரு வாளி. ஊத்திட்டு மலைக்குக் கிளம்புவோம். மத்தத அய்யன் பாத்துக்கிடுவான்."

செல்லச்சாமி கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பார்த்தார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"கால் வரல குருசாமி."

செங்கோட்டைப் பக்கம் எங்கோ தூரத்தில் உறுமியது. இருவரும் ஒரே நேரத்தில் கழுத்தை இழுத்துக்கொண்டார்கள்.

"எனக்கும்தான்," என்றாள் குழலி.